பால்கனிச் செடிகளில் படிந்திருக்கும் அந்த வெள்ளை என்ன?

வணக்கம் சகோதரி. நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட வரையில் சொல்கிறேன். பினாங்கு ஆயர் ஈத்தாமில் 11-ஆவது மாடி வீடு, கிழக்கு பார்த்த பால்கனி, 14 தொட்டிகள். செம்பருத்தியின் நுனி சுருண்டு, வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. மல்லிகை மொட்டு விரியாமலே உதிர்கிறது, அதன் பழைய இலைகளும் வெளிறிப் போயின. கருவேப்பிலைக் கொழுந்திலும் ஒரு வெள்ளை, கீழ் இலைகளில் கடித்த தடம். மணிபிளாண்ட் மஞ்சளாகிறது. கைப்பேசிச் செயலியில் படம் எடுத்துக் காட்டினால் இன்றைக்கு ஒரு பெயரும் நாளைக்கு வேறொரு பெயரும் சொல்கிறது. ஆகவே எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மருந்தாக எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது மருந்தின் பெயர். உள்ளே இருக்கும் கேள்வியோ, செம்பருத்தியில் இருக்கும் வெள்ளையும் கருவேப்பிலையில் இருக்கும் வெள்ளையும் ஒன்றுதானா என்பது. ஒன்றில்லை. எப்படிப் பிரித்தறிவது என்பதைத்தான் பெரும்பாலும் எழுதப்போகிறேன். மருந்து கடைசியில் வரும், அதுவும் கொஞ்சம்தான்.

என் பேச்சை எந்த அளவுக்கு நம்பலாம் என்று நீங்கள் முடிவுசெய்ய வேண்டும் என்பதால் என்னைப் பற்றி இரண்டு வரி. செர்டாங்கில் விவசாயப் பட்டயம் படித்துவிட்டு, பாலிக் புலாவ் பக்கம் ஒரு நாற்றுப்பண்ணையில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தேன். பூச்செடி, இலைச்செடி, வேலிச்செடி என்று கையில் புரண்டவை பல்லாயிரம். ஆனால் நான் ஆய்வுக்கூடத்து ஆள் இல்லை. சட்டைப்பையில் கிடக்கும் 10 மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றுதான் என் கருவி. அதற்குள் அகப்படும் பூச்சியைப் பற்றி அடித்துச் சொல்வேன். பூஞ்சை என்றால் பெரும்பாலும் சரியாக இருக்கும். வைரஸ், பாக்டீரியா என்றால் ஊகம்தான். சோதனை செய்யாமல் அந்தப் பெயர்களை உறுதியாகச் சொல்பவரிடமிருந்து கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள், என்னையும் சேர்த்து.

பூச்சியைத் தேடுவதற்கு முன் செடியின் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கண்டதையெல்லாம் மேயும் பூச்சிகள் சில. ஒரு குடும்பத்துச் செடிகளையே சுற்றிச்சுற்றி வருபவை பல. பெயர் சரியாகத் தெரிந்துவிட்டால் சந்தேகப்பட வேண்டியவர்களின் பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும். ஒருமுறை ஒரு பெரியவர், “மல்லிகையைப் புழு மொட்டையடித்துவிட்டது, மூன்று வாரமாக மருந்தடித்தும் கேட்கவில்லை” என்று ஒரு கிளையை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்தார். காம்பை ஒடித்தேன். வெள்ளையாகப் பால் வடிந்தது. மல்லிகைக்குப் பால் கிடையாது. அவர் இத்தனை நாளும் மல்லிகை என்று வளர்த்தது அடுக்கு நந்தியாவட்டை. பையின் அடியில் விரல் பருமனில் ஒரு பச்சைப் புழு, தலைக்குச் சற்றுப் பின்னால் இரண்டு நீலக் கண்போன்ற பொட்டு, வாலில் மஞ்சளாக ஒரு சின்னக் கொம்பு. அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி ஆகியவற்றைத் தேடி வரும் பருந்து விட்டிலின் புழு அது. அவர் வாங்கியிருந்த மருந்தோ மல்லிகை மொட்டைத் துளைக்கும் சின்னப் புழுவுக்கானது. இந்தப் புழுவைக் கையால் எடுத்துப் போட்டாலே போதும். ஒரு செடியில் மூன்றோ நான்கோதான் இருக்கும்.

பெயரைக் கண்டுபிடிக்கப் பூ வேண்டியதில்லை. இலையே பாதி சொல்லிவிடும். காம்பை ஒடித்தால் பால் வந்தால் அரளி, நந்தியாவட்டை, அலமாண்டா, அடீனியம், மலாய்க்காரர்கள் கெம்போஜா என்று சொல்லும் ஈழத்தலரி ஆகியவற்றின் குடும்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பால் கண்ணில் படக்கூடாது, அரளி என்றால் வாய்ப்பக்கமே கொண்டுபோகக்கூடாது. இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாடையும், ஒரு காம்பில் வரிசையாகச் சிற்றிலைகளும் இருந்தால் அது கெமுனிங். நம் தாமான் குடியிருப்புகளில் வேலிக்கு வைப்பது. வெள்ளைப் பூ, நல்ல மணம் என்பதால் இதையும் மல்லிகை என்று சொல்லி விற்றுவிடுகிறார்கள். இலைகள் எதிரெதிராக அமைந்து, இரண்டு காம்புகளுக்கும் நடுவில் தண்டின்மேல் ஒரு கூரான சின்னச் செதில் ஒட்டியிருந்தால் வெட்சியாக இருக்கலாம், தமிழ்நாட்டார் இட்லிப்பூ என்பார்களே அது. செம்பருத்திக்கு அறிமுகம் தேவையில்லை, 1960-இலிருந்து நம் மலேசியாவின் தேசிய மலர். ஆனால் அது வெண்டைக்கும் பருத்திக்கும் பூவரசுக்கும் ஒன்றுவிட்ட சகோதரி என்பதைப் பலர் யோசிப்பதில்லை. அதே அசுவினி, அதே மாவுப்பூச்சி இரண்டுக்கும் வரும். பால்கனியில் வெண்டைக்காய் போட்டிருந்தால் செம்பருத்தியிலிருந்து தள்ளி வையுங்கள். பெயர் தெரியாத செடிகள் இன்னும் இருந்தால் ஒரு ஞாயிறு காலையில் தண்ணீர்மலை அடிவாரத்துத் தாவரவியல் பூங்காவுக்குப் போய் வாருங்கள். 1884-இல் தொடங்கியது, மரத்துக்கு மரம் பெயர்ப்பலகை பார்க்கலாம். குரங்குகளின் கண்ணில் சாப்பாட்டுப் பையை மட்டும் காட்டாதீர்கள்.

இனி உங்கள் செம்பருத்தி. நீங்கள் அனுப்பிய படத்தில் நுனி இலைகள் முஷ்டி மடக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிக் கிடக்கின்றன, கணுக்களில் பஞ்சுத் துணுக்கு ஒட்டியதுபோல் வெள்ளை. அது மாவுப்பூச்சி, இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எந்த மாவுப்பூச்சி என்பதுதான் படத்தில் தெரியாது. ஒரு பல்குச்சியை எடுத்து அந்தப் பஞ்சை விலக்கி, உள்ளே இருப்பதை நசுக்கிப் பாருங்கள். சாறு இளஞ்சிவப்பாக வந்தால் செம்பருத்திக்கே பேர்போன இளஞ்சிவப்பு மாவுப்பூச்சியாக இருக்கும். மஞ்சளாக வந்தால் பப்பாளி மாவுப்பூச்சி என்று நினைக்கலாம். அதை ஸ்பிரிட்டில் போட்டுவைத்தால் ஓரிரு நாளில் கருநீலமாக மாறிவிடும். பார்க்க வேடிக்கையாக இருக்கும், பிள்ளைகள் இருந்தால் கூப்பிட்டுக் காட்டுங்கள். நுனி அப்படிச் சுருளுவது பூச்சியின் எச்சிலால். சாற்றை உறிஞ்சும்போது அது உள்ளே விடுகிற எச்சில் கொழுந்தின் வளர்ச்சியைக் கெடுத்துவிடுகிறது. ஆகவே பூச்சி போனாலும் சுருண்ட இலை நிமிராது. அந்த நுனிகளை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, பையில் போட்டு வாயை இறுகக் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். பூச்சியில் பாதி அதோடு போய்விடும்.

அதே கிளையில் எறும்பு ஏறி இறங்குகிறதா என்றும் பாருங்கள். மாவுப்பூச்சி குடிக்கும் சாற்றில் சர்க்கரை அதிகம், தனக்கு வேண்டியது போக மிச்சத்தைத் தேன்துளியாக வெளியே விட்டுவிடும். அதற்காகத்தான் எறும்பு வருகிறது. வந்த எறும்பு சும்மா இருப்பதில்லை. மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டுகிறது. அந்தத் தேன்துளி கீழ் இலைகளில் விழுந்த இடத்தில் கரிப்பூஞ்சை வளர்ந்து, அடுப்புக்கரி பூசியதுபோல் ஆகிவிடும். பலர் அந்தக் கறுப்பைப் பார்த்துப் பயந்து பூஞ்சை மருந்து வாங்கி வருகிறார்கள். ஈரத்துணியால் துடைத்தாலே போய்விடும் கறுப்பு அது, இலையைத் தின்பதும் இல்லை. எறும்பை நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது. தொட்டி வைக்கும் இரும்புத் தாங்கியின் கால்களில் வாசலின் தடவுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தில் கால்களை நிறுத்தும் பழைய வழக்கம் வேண்டாம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. பஞ்சு பஞ்சாக இருக்கும் அந்தக் கூட்டத்துக்கு நடுவில், மற்றதைவிடப் பெரிதாக, உடம்பெல்லாம் வெள்ளை நூல் தொங்க, சுறுசுறுப்பாக நடக்கும் ஒன்று இருந்தால் அதைக் கொல்லாதீர்கள். மாவுப்பூச்சி நகரும், ஆனால் சோம்பேறித்தனமாக நகரும். விரலால் தொட்டவுடன் விறுவிறுவென்று ஓடுவது பொறிவண்டின் குஞ்சு. மாவுப்பூச்சியின் வேடம் போட்டுக்கொண்டு அதையே தின்பது. பண்ணையில் நான் சேர்ந்த முதல் வருடம் இந்தக் குஞ்சுகளைத்தான் பெரிய மாவுப்பூச்சி என்று நினைத்துத் தேடித்தேடி நசுக்கியிருக்கிறேன். இந்த நண்பர்களின் அருமை தெரிய வேண்டுமானால் தமிழ்நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூரில் கண்டுபிடிக்கப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று பரவி, மருந்துக்கு அடங்காமல் விவசாயிகளை அழவைத்தது. 2010-இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட, எறும்பைவிடச் சிறிய ஓர் ஒட்டுண்ணிக் குளவிதான் கடைசியில் அதை அடக்கியது. கடும் மருந்தை அடித்தால் முதலில் சாவது இப்படிப்பட்டவைதான். மாவுப்பூச்சிக்கு மேலே மெழுகுப் போர்வை இருக்கிறது, குளவிக்கு இல்லை.

வெள்ளையில் மற்ற சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். இலையின் அடிப்பக்கத்தில் கைரேகைபோல் சுற்றிச் சுற்றிப் போகும் வெள்ளை மெழுகுக் கோடு இருந்து, தட்டினால் சின்னச் சின்ன வெள்ளைப் பூச்சிகள் பறந்தால் அது சுருள் வெள்ளை ஈ. கோட்டுக்குள் இருப்பவை அதன் முட்டைகள். கொய்யா மரம் பக்கத்தில் இருந்தால் அங்கிருந்து வந்திருக்கும். தொட்டியின் வெளிச்சுவரிலும் மண்ணின் மேலும் வெள்ளையாகப் பொருக்குத் தட்டினால் அது உரத்தின் உப்பு, உயிரே இல்லை. இலையின் மேல்பக்கம் முகப்பவுடர் தூவியதுபோல் இருந்து, விரலால் தேய்த்தால் ஒட்டிக்கொண்டு வந்தால் சாம்பல் நோய். ரோஜாவில் அதிகம். இது மழையில் நனையும் செடியைவிட, கூரைக்கு அடியில் நிற்கும் செடிக்குத்தான் அதிகம் வரும். மற்றப் பூஞ்சைகள் பலவற்றுக்கு இலை நனைந்திருக்க வேண்டும், இதற்குக் காற்றில் ஈரப்பதம் இருந்தாலே போதும். மழைத்தண்ணீர் இதன் வித்துக்களைக் கழுவிக் கெடுத்துவிடும்.

சாம்பல் நோய் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அப்பா கெடாவில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். ஆண்டின் தொடக்கத்தில் ரப்பர் மரம் இலை உதிர்த்துப் புதுத்தளிர் விடும்போது இதே குடும்பத்துப் பூஞ்சை தளிரைப் பிடித்து உதிர்த்துவிடும். விடிவதற்கு முன், பனி காய்வதற்குள், தோட்டத்தில் கந்தகத் தூள் அடிப்பார்கள். அந்த வேலைக்குப் போன நாட்களில் அப்பாவின் சட்டையில் அடிக்கும் தீக்குச்சி வாடை இன்றும் மூக்கில் நிற்கிறது. வீட்டு ரோஜாவுக்கும் அதே கந்தகம்தான், நனையும் வகைத் தூளாகக் கடையில் கிடைக்கும். வெயில் ஏறிய பிறகு அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகத்தைத் தொடவும் கூடாது. உங்கள் படங்களில் சாம்பல் நோய் எதுவும் என் கண்ணில் படவில்லை. செயலி ஒருமுறை அந்தப் பெயரைச் சொன்னதாக எழுதியிருந்ததால் விளக்கினேன்.

கருவேப்பிலை. இதில் இரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். கொழுந்தில் இருக்கும் வெள்ளை பஞ்சுபோல் இல்லாமல், இடியப்பம் பிழியும்போது விழும் முதல் துணுக்குகள்போல் சுருள் சுருளான மெல்லிய நூலாக இருந்தால், அது சிற்றிலைப் பேன் ஒன்றின் குஞ்சுகள் வெளியே தள்ளும் மெழுகு. வளர்ந்த பூச்சியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்: ஏறக்குறைய எள்ளளவு, பழுப்பு நிறம், தலையைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கிச் சாய்வாக உட்கார்ந்திருக்கும். அப்படி உட்காரும் பூச்சியை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்கவே மாட்டீர்கள். கருவேப்பிலைக்கும் கெமுனிங்குக்கும் எலுமிச்சை வகைகளுக்கும் வரும் பூச்சி இது. கருவேப்பிலைக்குக் கொழுந்து சுருளுவதோடு சரி. ஆனால் எலுமிச்சை, லீமாவ் கஸ்தூரி போன்றவற்றை மஞ்சளாக்கி மெதுவாகக் கொல்லும் ஒரு பாக்டீரியாவை இதுதான் மரத்துக்கு மரம் கொண்டுபோகிறது. உங்கள் 14 தொட்டியில் கஸ்தூரி ஒன்று இருந்தால் கருவேப்பிலையின் பாதித்த கொழுந்துகளை உடனே கிள்ளி எறியுங்கள். கடித்த தடம் வேறொருவருடையது. இலைமேல் பறவை எச்சம் காய்ந்ததுபோல் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மெல்லத் தொடுங்கள். தலைக்குப் பின்னாலிருந்து பாம்பின் நாக்குபோல் பிளந்த ஒன்று வெளியே நீண்டு, பழுத்த பழம் கெட்ட வாடை வந்தால் அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. கொஞ்ச நாளில் பச்சையாகிவிடும், பிறகு கூடு கட்டும். நான் விட்டுவிடுவேன். இலை திரும்ப வரும், அந்த வண்ணத்துப்பூச்சி 11-ஆவது மாடி வரை ஏறி வந்திருப்பதே பெரிது. நீங்கள் வேறுவிதமாக நினைத்தால் கையால் எடுத்துவிடலாம். எதுவானாலும் குழம்பில் போடும் இலைக்குச் செடியின் சாற்றில் கலந்து நிற்கும் மருந்தை அடிக்கவே கூடாது.

மல்லிகை மொட்டைப் பற்றி நான் உறுதியாக எதுவும் சொல்லப்போவதில்லை, காரணம் மொட்டின் உட்புறம் படத்தில் இல்லை. உதிர்ந்த பத்து மொட்டுகளைப் பொறுக்கி, பிளேடால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். பக்கத்தில் ஓட்டை, உள்ளே கறுப்புத் தலையோடு பச்சைப் புழு, அதன் கழிவு, இரண்டு மூன்று மொட்டுகளை இழைத்துக் கட்டிய நூல் ஆகியவை இருந்தால் மொட்டுப்புழு. ஓட்டை இல்லாமல் மொட்டின் அடி வீங்கி, ஊதா நிறம் ஏறி, உள்ளே நூல் துணுக்குபோல் நெளியும் மிகச் சிறிய புழுக்கள் இருந்தால் மொட்டு ஈ. அது கூட்டுப்புழுவாக மண்ணுக்குள் போகும் என்பதால், உதிர்ந்த மொட்டுகளைத் தொட்டியில் விட்டுவைக்காமல் தினமும் பொறுக்குவதே பெரிய மருந்து. பிளந்த பத்திலும் ஒன்றுமே இல்லையென்றால் பூச்சியை மறந்துவிடுங்கள். கிழக்கு பார்த்த பால்கனியில் காலை வெயில் மூன்று மணி நேரம் விழுந்தாலே அதிகம்; எதிரில் இன்னொரு கட்டடம் இருந்தால் அதுவும் இல்லை. மல்லிகைக்கு அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். வெயில் போதாமலும், ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதாலும் மொட்டு உதிரும். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் சந்தேகமான இடம் இதுதான்.

வெளிறிய மல்லிகை இலை வேறு விஷயம். படத்தை அகலமாக்கிப் பார்த்தேன்: இலை முழுக்கக் குண்டூசியால் குத்தியதுபோல் நுண்ணிய வெளுத்த புள்ளிகள். ஒரு வெள்ளைத் தாளை அடியில் பிடித்துக் கிளையை இரண்டு தட்டுத் தட்டுங்கள். தாளில் விழுந்த தூசியில் சில துகள்கள் மெல்ல ஊர்ந்தால், அவற்றை விரலால் இழுத்துத் தேயுங்கள். சிவப்பாகவோ பச்சையாகவோ கோடு விழுந்தால் சிவப்புச் சிலந்தி வகை. இது பூச்சி இனமே இல்லை, எட்டுக்கால் கொண்ட சிலந்தியின் உறவு, அரை மில்லிமீட்டர்கூட வராது. தைப்பூசம் முடிந்த கையோடு பினாங்கில் மழை குறைந்து காற்றும் மண்ணும் காயும் இந்த மாதங்கள்தான் அதற்குத் திருவிழா. 30 பாகை வெப்பத்தில் முட்டையிலிருந்து வளர்ந்து மறுபடி முட்டையிட ஒரு வாரம் போதும். மழை படாத பால்கனி என்றால் கேட்கவே வேண்டாம்.

இதில் நான் அடிபட்டிருக்கிறேன். சீனப் புத்தாண்டு விற்பனைக்காகப் பண்ணையில் 200 அடீனியம் தொட்டிகள் தயாராக நின்றன. இலை வெளிறத் தொடங்கியது. இலைப்பேன் என்று முடிவுகட்டி, தாளில் தட்டிப் பார்க்கும் பொறுமைகூட இல்லாமல், வாரம் ஒருமுறை சைபர்மெத்ரின் அடித்தேன். மூன்றாவது வாரம் நுனிகளில் ஒட்டடைபோல் வலை கட்டிவிட்டது, இலை கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அந்த மருந்து சிலந்தியை ஒழிக்கவில்லை. அதைத் தின்று அடக்கிவைத்திருந்த வேறு சிலந்திகளையும் வண்டுகளையும் ஒழித்துவிட்டது. விற்றது 60 தொட்டியோ என்னவோ, அதுவும் பாதி விலைக்கு. மிச்சத்தைக் காப்பாற்றியது குழாய்த் தண்ணீர். தினமும் காலையில் இலையின் அடிப்பக்கத்தில் படும்படி வேகமாகப் பீய்ச்சினோம், பத்து நாள். உங்கள் மல்லிகைக்கும் அதையே சொல்கிறேன். குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போய், மண் கரையாமல் தொட்டியின் வாயைப் பையால் கட்டிவிட்டு, அடி இலையில் பீய்ச்சுங்கள். கீழ்வீட்டுக்காரர் துணி காயப்போட்டிருக்கும் நேரத்தில் பால்கனியிலேயே செய்தால் வரும் சண்டைக்கு நான் பொறுப்பில்லை.

மணிபிளாண்டை விரைவாக முடித்துவிடலாம். மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கினாலோ மஞ்சளானாலோ வேர் அழுகுகிறது. தொட்டியிலிருந்து உருவிப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக, இழுத்தால் தாக்குப்பிடிக்கும். அழுகிய வேரைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று கையோடு வர, உள்ளே நூல் மட்டும் நிற்கும். சாக்கடை வாடையும் அடிக்கும். அழுகியதை நறுக்கிவிட்டு, கணுவோடு தண்டை வெட்டிப் புதிதாக நட்டுவிடுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். வேருக்கும் கேடு, அதில் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். சுகாதார அதிகாரிகள் சோதனைக்கு வரும்போது கொசுப்புழு இருந்தால் அபராதம் கட்ட வேண்டியிருக்கும். எறும்புக்குத் தண்ணீர்க் கிண்ணம் வேண்டாம் என்று சொன்னதும் இதற்காகத்தான்.

செயலியைப் பற்றிக் கேட்டீர்கள். பூத்த செடியின் பெயருக்கு அதை நம்பலாம், நானும் பயன்படுத்துகிறேன். நோய் என்று வந்தால் நம்புவதில்லை. மஞ்சள் இலைக்குப் பத்துக் காரணம் இருக்கிறது, படத்தில் பத்தும் ஒரே மாதிரிதான் தெரியும். உங்கள் குரோட்டன் இலையின் மஞ்சள் பொட்டுக்கு அது ‘மொசைக் வைரஸ்’ என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். குரோட்டனுக்கு அதுதான் அழகே. பிறவி நிறமென்றால் இலைக்கு இலை அதே போக்கில் வரும், இலையின் உருவம் கெடாது. வைரஸ் என்றால் பெரும்பாலும் இலை கோணும், சுருங்கும், செடி குன்றும். பெரும்பாலும் என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. துத்தியின் உறவான ஓர் அலங்காரச் செடியில் வரும் அழகான மஞ்சள் புள்ளிகளே வைரஸால் வருபவை, அதையே ஒரு ரகமாக வளர்த்து விற்கிறார்கள். ஆகவே கண்ணை மட்டும் வைத்து நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது. உண்மையிலேயே வைரஸ் என்றால் அதற்கு மருந்தும் கிடையாது. செடியை எடுத்துவிட்டு, வெட்டிய கத்தியைக் கழுவ வேண்டியதுதான். ஆர்க்கிட் வைத்திருப்பவர்கள் ஒரே கத்தியால் அடுத்தடுத்த செடியை வெட்டித்தான் பாதி வைரஸைப் பரப்புகிறார்கள்.

மருந்து. உங்கள் பால்கனிக்கு இப்போது தேவைப்படுவது, சமையலறையில் இருக்கும் பாத்திரம் கழுவும் திரவம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, அதற்குமேல் வேண்டாம். முதலில் ஒரே ஓர் இலையில் தெளித்து ஒரு நாள் பொறுங்கள், கருகவில்லையென்றால் செடி முழுக்க. மாலையில், அடிப்பக்கம் நனையும்படி தெளித்து, ஒரு மணி நேரம் கழித்து வெறும் தண்ணீரால் கழுவுங்கள். ஆறு நாளுக்கு ஒருமுறை, மூன்று முறை. முட்டைகள் சோப்புக்குச் சாவதில்லை, பொரித்து வருவதைப் பிடிக்கத்தான் மூன்று முறை. மாவுப்பூச்சிக்கும் வெள்ளை ஈக்கும் கருவேப்பிலைப் பேனுக்கும் சிலந்திக்கும் இது ஓரளவு கேட்கும். ஒரே மருந்து என்று நீங்கள் கேட்டதற்கு மிக நெருங்கி வருவது இதுதான். கணுக்களில் ஒளிந்திருக்கும் மாவுப்பூச்சியைக் காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொன்றாகத் துடையுங்கள். வேப்பெண்ணெயும் நல்லது, லிட்டருக்கு ஐந்து மில்லி, கொஞ்சம் சோப்புக் கலந்து. ஆனால் அடித்த மறுநாளே பூச்சி செத்து விழும் என்று எதிர்பார்க்காதீர்கள், அது மெதுவாகத்தான் வேலை செய்யும். புகையிலைத் தண்ணீர் என்று பாட்டி காலத்து யோசனையை யாராவது சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள். அதில் இருக்கும் நிக்கோட்டின் மனிதருக்கும் நஞ்சு, புகையிலையோடு வரும் வைரஸ் தக்காளி, மிளகாய்க்கு ஒட்டிக்கொள்ளும். கடை மருந்துதான் வேண்டும் என்ற நிலை வந்தால், பதிவு எண் அச்சிட்ட மூடிய போத்தலாக வாங்குங்கள். மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றி விற்பதை, எத்தனை ரிங்கிட் மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள். இந்த நாட்டில் பூச்சிமருந்தைப் பதிவு செய்யாமல் விற்பது 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம்.

புதுச் செடி வாங்கினால் மற்றவற்றோடு சேர்க்காமல் மூன்று வாரம் தனியாக வையுங்கள். இதை நாற்றுப்பண்ணைக்காரனே சொல்கிறேன். உங்கள் செம்பருத்தி எப்போது வாங்கியது என்று எழுதவில்லை, தைப்பூசத்துக்குச் சற்று முன் வாங்கியிருந்தால் மாவுப்பூச்சி எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.

இன்று மாலையே அந்த நுனிகளை வெட்டிவிடுங்கள். பிறகு மூன்று படம் எடுத்து அனுப்புங்கள்: கருவேப்பிலைக் கொழுந்தின் அடிப்பக்கம், பிளந்த மல்லிகை மொட்டுகள், வெள்ளைத் தாளில் தட்டி விழுந்த துகள்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு 20 காசு நாணயத்தை வையுங்கள், அளவு தெரிய வேண்டும். வெயிலில் எடுக்காமல் நிழல் வெளிச்சத்தில் எடுத்தால் எனக்குப் பார்க்க எளிதாக இருக்கும்.